காப்பீட்டு வேற்றுமை: கடலூர், சிதம்பரம் வழக்கை முன்வைத்து ஒரு சொல்லாராய்ச்சி

கடலூர் முதுநகர் தொடங்கிச் சிதம்பரம் கீழவீதி ஈறாக மக்கள் வாயில் வழங்கும் காப்பீட்டுச் சொற்களை வகைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம். பாலிசி பத்திரத்தில் பொடி எழுத்தில் அச்சாவன ஆராய்ச்சி எல்லைக்கு உட்படா. அவற்றைப் படித்தவர் எவரையும் களத்தில் காண இயலவில்லை.

1. பிறப்பு

காப்பு + ஈடு = காப்பீடு என்பது இலக்கணத்தார் கொள்கை. குற்றியலுகரம் முறைப்படி கெட்டிருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பி + ஈடு என்பது மறுதரப்பார் கொள்கை. 1688 வாக்கில் லண்டனில் எட்வர்ட் லாயிடின் காப்பிக்கடையில் கப்பல் வணிகர்கள் கூடினர்; கடல் காப்பீட்டுச் சந்தை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. வந்த கப்பலிலேயே சொல்லும் வந்து இறங்கியது என்பது இவர்கள் துணிபு. அப்படியாயின் உடம்படுமெய் தோன்றிக் 'காப்பியீடு' என்றல்லவா ஆகவேண்டும் எனின், ஏஜெண்ட் வீட்டுக்கு வந்தால் முதலில் மறைவது காப்பி, பிறகே ஈட்டைப் பற்றிய பேச்சு; யகரமும் காப்பியோடு உள்ளே போயிற்று என விடையிறுப்பர்.

2. வழக்கு

'காப்பீடு' அறிவிப்புப் பலகைச் சொல். வாய்ப்பேச்சில் அதற்கு இடமில்லை.

உயிருக்கு 'எல்.ஐ.சி.' என்பர். எந்தக் கம்பெனியில் கட்டினாலும் "எல்.ஐ.சி. போட்டிருக்கேன்" என்பதே வழக்கு. 1956 செப்டம்பர் 1-இல், 245 நிறுவனங்களை ஒன்றாக்கிப் பிறந்தது அந்நிறுவனம். பின்னால் வந்த தனியார் கம்பெனிகளின் பெயரையும் பேச்சுவழக்கு அதனுள்ளேயே சேர்த்துவிட்டது.

உடம்புக்கு 'கார்டு'. 2009-இல் அது கலைஞர் பெயரிலும், 2012-இல் முதலமைச்சர் என்னும் பதவிப் பெயரிலும் வந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்கப்படுவது இன்றும் "கார்டு இருக்கா?" என்பதே.

வங்கிக் கணக்கில் கழிக்கப்படும் விபத்துக் காப்பீடு 'பன்னெண்டு ரூபா'. 2022 ஜூனில் அது 20 ரூபாய் ஆகியும் பழகிய நாக்குகள் பழைய தொகையிலேயே நிற்கின்றன.

'இன்சூரன்ஸ்' என்னும் சொல் வண்டிக்கு உரியது; போக்குவரத்துப் போலீசாரைத் தொலைவில் கண்டதும் நினைவில் தோன்றுவது.

ஆங்கிலேயர் இத்துணை நுட்பம் அறியார். வந்தே தீரும் சாவுக்கு 'அஷ்யூரன்ஸ்', வரலாம் வராமலும் போகலாம் என்னும் தீக்கும் திருட்டுக்கும் 'இன்சூரன்ஸ்' என்ற அளவில் நின்றுவிட்டனர். அவர்களுடைய 'கவர்' இங்கே பொருள் திரிந்தது: கடையில் பை, கல்யாணத்தில் மொய், அலுவலகத்தில் ஆராயத் தகாதது.

3. வேற்றுமை

காப்பீட்டு வகைகளின் பெயர்கள் அனைத்தும் உருபும் பயனும் உடன்தொக்க தொகைகள். மறைந்த உருபை விரித்தாலன்றி உண்மை வெளிப்படாது.

தீக் காப்பீடு: தீயிலிருந்து காப்பது, ஐந்தாம் வேற்றுமை. ஐயமில்லை.

மூன்றாம் நபர் காப்பீடு: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியது. தன்மை கட்டுகிறது, முன்னிலை வாங்கிக்கொள்கிறது, படர்க்கைக்குக் கிடைக்கிறது. இது மட்டும் எடுத்தவர் ஆலப்பாக்கத்தில் மாட்டின்மேல் மோதினால், மாட்டுக்காரர் படர்க்கை. விழுந்தவர் தன்மையாகவே கிடப்பார்.

பயிர்க் காப்பீடு: பயிரைக் காப்பது என இரண்டாம் வேற்றுமையாகக் கொள்வர் காட்டுமன்னார்கோயில் உழவர். சிட்டா, அடங்கலோடு சம்பா நெல்லுக்கு ஒன்றரை சதவீதம் கட்டுகிறார்கள். ஆனால் மகசூல் இழப்பு வருவாய்க் கிராமம் முழுமைக்கும் சேர்த்து, அறுவடைப் பரிசோதனையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தன் மகசூல் மூழ்கியும் ஊர்ச் சராசரி மிதந்தால் அந்தக் கணக்கில் இழப்பீடு இல்லை. ஆகவே இது இடப்பொருளில் வந்த ஏழாம் வேற்றுமை.

ஆயுள் காப்பீடு: ஆயுளைக் காப்பது என விரித்தல் வழு. காத்ததற்குச் சான்றில்லை, காக்கத் தவறிய பின்னர் வரும் பணமும் நாமினிக்கே.

4. விதிவிலக்கு

ஆயுளை உண்மையாகவே காத்த நிகழ்வு இவ்வட்டாரத்தில் ஒன்று உண்டு. கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது பெரியபுராணச் செய்தி. கரையேறவிட்டகுப்பம் இன்றும் கடலூரில் இருக்கிறது. சர்வேயர் வரவில்லை, எஃப்.ஐ.ஆர். நகல் கேட்கப்படவில்லை. சிதம்பரத்தில் நடராசரின் அபய கரம் காத்தல் தொழிலைக் குறிக்கும். அதற்கும் புதுப்பிக்கும் கடைசித் தேதி கிடையாது.

5. முடிவு

இனிப் பாலிசிதோறும் மறைந்த உருபை முதல் பக்கத்திலேயே விரித்து அச்சிடுதல் வேண்டும். உருபு மறைந்து வருவது இலக்கணத்தில் தொகை. ரூபாய் மறைந்து வருவது க்ளைமில் தொகை. எதிர்பார்த்ததற்கும் கைக்கு வந்ததற்கும் இடைப்பட்டதை வேற்றுமைத் தொகை என்க.