நீ கெதியா ஓடு, தம்பி

தம்பி, நீ கெதியாத்தான் ஓடவேணும். ஆர் உன்னை மெதுவா ஓடச்சொன்னது? 40-இல ஓடினால் 2 கிலோமீற்றருக்கு 3 நிமிசம், 60-இல ஓடினால் 2 நிமிசம். முழுசா ஒரு நிமிசம் லாபம்! பிறகு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடை வரிசையில அதைப் பத்தால பெருக்கிக் கட்டுறாய், அது வேற கணக்கு.

இனிப் பயமும் இல்லை. 2025 நவம்பர் 14-ஓட ஒன்ராறியோவில வேகக் கமராக்களுக்கு ஓய்வு குடுத்திட்டாங்கள். காசு பறிக்கிற வேலையெண்டு முதல்வர் டக் ஃபோர்ட் சொன்னார்; நீயும் கை தட்டினாய், பாத்தனான். ரொறன்ரோவில பள்ளிக்கூடத்தடியில கமரா வச்ச இடங்களில வேகமா ஓடுறது 45 சதவீதம் குறைஞ்சதெண்டு சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரிக்காரர் அதே வருசம் கணக்குக் காட்டினவை. டாக்குத்தர்மாருக்கு அரசியல் விளங்காது, பாவங்கள்.

பார்க்சைட் டிரைவ் கதை தெரியுமே? 2021 ஒக்டோபரில, சிவப்பு லைட்டுக்கு நிண்ட காரில இருந்த வயசுபோன புருசன் பெண்சாதியை வேகமா வந்த ஒருத்தன் இடிச்சான். ரண்டு பேரும் செத்துப்போச்சினம். அடுத்த வருசம் கமரா வந்துது. அதை ஆரோ வெட்டி விழுத்தினாங்கள். நட நட வெட்டினாங்கள். 2024 டிசம்பரில ஹை பார்க் வாத்துக்குளத்துக்குள்ள கொண்டுபோய்த் தள்ளியும் போட்டாங்கள். வாத்தும் வேகமா நீந்தினதோ என்னவோ! அந்த ரோட்டுச் சனம் 'சேஃப் பார்க்சைட்' எண்டு சேர்ந்து, கமரா மட்டும் காணாது, ரோட்டின்ர அமைப்பையே மாத்துங்கோ எண்டு நகரசபையை நச்சரிக்குது. சம்பளம் இல்லாத நச்சரிப்பு, அதுதான் நிக்குதில்லை.

எங்கட தெருவில நாங்கள் கவுன்சிலரின்ர ஒஃபிசில போர்டு வாங்கி, புல்லுத்தரையில நட்டிருக்கிறம், மெதுவாப் போங்கோ எண்டு. அது படமும் எடுக்காது, ரிக்கற்றும் அனுப்பாது. ஆனா போர்டுக்குப் பின்னால ஜன்னல் சீலை இருக்கு. சீலைக்குப் பின்னால, உன்ர அம்மாவோட வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற மாமி இருக்கிறா.

ஸ்டீல்ஸ் ரோட்டைத் தாண்டி மார்க்கம் நகரத்துக்குள்ள போனால் இன்னும் விசேஷம். யோர்க் பொலிஸின்ர 'ரோட் வாச்' எண்டு ஒண்டு. கண்ட சனமே கார் நம்பரைக் குறிச்சு எழுதிப் போடலாம். அபராதம் இல்லை, புள்ளி இல்லை, வெறும் கடிதம். கடிதம் வாறது கார் ஆற்ற பேரில இருக்கோ அவருக்கு. உன்ர கார் ஆற்ற பேரில? சரி சரி, நான் கேக்கேல்லை.

அப்பாவுக்கும் பயமில்லையெண்டால் தாராளமா மிதி. எல்லை 80-க்குக் கீழ இருக்கிற ரோட்டில அதுக்கு மேல 40 கூட்டி ஓடினால், பொலிஸ் நிண்ட இடத்திலயே காரை 14 நாளைக்கும் லைசென்சை 30 நாளைக்கும் எடுத்துவைக்கும். பிடிபடுறதெண்டால் பெப்ரவரியாப் பாத்துப் பிடிபடு. பஸ் தரிப்பில அப்ப நல்ல காத்து.

சனிக்கிழமை இன்னும் நாலைஞ்சு போர்டு நடவேணும். எங்கட நாரிக்குக் குனிய ஏலாது. நீ வா. நடந்து வா.