காகிதமும் ஒரு நிறம்தான்

கேள்வி: கணினியில் கோடிக்கணக்கான நிறங்கள் இருந்தும், நல்ல போஸ்டர் ஓவியர்கள் மூன்று நான்கு நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறார்களே, கஞ்சத்தனமா?

பதில்: கெட்டிக்காரத்தனம்! பாரிஸின் மூலான் ரூஜ் அரங்குக்கு 1891-இல் துலூஸ் லோத்ரெக் வரைந்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். அது கல் அச்சு. நிறத்துக்கு ஒரு கல் என்பதால், கூடுகிற ஒவ்வொரு நிறமும் கூலி கேட்கும். மனிதர் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் நான்கோடு முடித்துவிட்டார். நடுவே காலைத் தூக்கி ஆடும் ஆட்டக்காரி லா கூலுவின் உள்பாவாடை கண்ணைப் பறிக்கிறதே, அந்த வெள்ளைக்கு மையே கிடையாது. வெறும் காகிதத்தில் நாலு கோடு! பின்னால் நிற்கும் கூட்டம் தொப்பி வைத்த கறுப்பு நிழல். முன்னால் நிற்கும் அவளுடைய ஜோடி ஆட்டக்காரர் வாலன்தேன் ஒரே சாம்பல் உருவம். முகங்களை நுணுக்கி வரைந்திருந்தால் ஆட்டக்காரியை யார் பார்ப்பார்கள்? தட்டையான நிறமும் அழுத்தமான கோடும் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிடம் அவர் கற்ற பாடம்.

தெருவில் போகிறவர் போஸ்டருக்குத் தருவது ஒரு நொடி. அதற்குள் கண் எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். அதற்கு உதவாத நிறங்களைத் தயங்காமல் அழித்துவிடுங்கள்.