கவுண்டிமேல் ஒரு கிளெய்ம்

குறை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதே குறையைப் பாரத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உரிய இடத்தில் கொடுக்கச் சொன்னால் அங்கேதான் கோட்டை விடுவேன். கலிபோர்னியாவில் குடியேறிய பிறகு ஒரு சாலைக் குழி என் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியது.

குழியில் கார் இறங்கி டயர் வெடித்தது, ரிம் நெளிந்தது. "கோர்ட்டுக்கு இழுக்கிறேன் பார்" என்று நடுரோட்டில் நின்று சபதம் போட்டேன். இங்கே அரசை எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. 1963-இல் வந்த சட்டப்படி முதலில் அந்த அரசிடமே நஷ்டஈட்டு கிளெய்ம் கொடுக்க வேண்டும். உடம்புக்கோ உடைமைக்கோ சேதம் என்றால் 6 மாதத்துக்குள். நான் அதை நகராட்சிக்கு அனுப்பிவைத்தேன். "அந்தச் சாலை எங்களுடையதல்ல, கவுண்டியுடையது" என்று பணிவாகப் பதில் வந்தது. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி.

கவுண்டி பாரம் கேட்டது கொஞ்சம்தான்: எப்போது, எங்கே, என்ன நடந்தது, எவ்வளவு நஷ்டம். நானோ, கட்டும் வரியில் தொடங்கி நாட்டின் போக்குவரை மூச்சுவிடாமல் எழுதிவிட்டு, விபத்து நடந்த தேதியை விட்டுவிட்டேன். மன உளைச்சலையும் கூட்டித் தொகையை 10,000 டாலருக்கு மேல் ஏற்றியிருந்தேன். 10,000-ஐத் தாண்டினால் தொகையையே குறிப்பிடக் கூடாது என்பது விதி. இணைத்த படங்கள் எல்லாவற்றிலும் டயர் இருந்தது; குழி ஒன்றிலும் இல்லை. கிளெய்மில் குறையிருந்தால் கவுண்டி 20 நாளுக்குள் சொல்லலாம். சொன்னார்கள். திருத்திக் கொடுத்தேன்.

முடிவெடுக்க கவுண்டி மேற்பார்வையாளர் குழுவுக்கு 45 நாள். சின்னத் தொகைகளை அதிகாரிகளே முடித்துவிடலாம்; பெரியவை குழுவரை போகும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2025-இல் அப்படித்தான், சிறார் காப்பகங்களில் நடந்த பாலியல் கொடுமைகளுக்காக 400 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அப்படிப்பட்ட கொடுமைகளுக்கு நீதி கேட்டவர்கள் இருக்க, நான் டயரோடு நின்றதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

45 நாளும் கடந்தன. பதிலில்லை. மௌனம் சம்மதம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சட்டத்தில் அந்த மௌனத்துக்குப் பெயர் நிராகரிப்பு. பின்னாலேயே மறுப்புக் கடிதமும் வந்தது. கடிதத்தை அவர்கள் தபாலில் சேர்த்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். சிறு வழக்கு மன்றத்தில் வக்கீலும் வேண்டாம். அந்த ஆறு மாதத்தையும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே கழித்தேன்.

போயிருந்தாலும் சிக்கல்தான். குழி இருப்பது கவுண்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்கக்கூடிய அளவுக்கு அது நாள்பட்டதாக இருக்க வேண்டும். சரிசெய்ய அவகாசமும் இருந்திருக்க வேண்டும். இதை மனைவியிடம் விளக்கினேன்.

"குழி இருக்கிறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா? மழைக்காலம் முழுக்க ஒதுங்கி ஒதுங்கித்தானே போனேன்."

"கவுண்டிக்கு ஒரு போன் போட்டீங்களா?"

போட்டிருந்தால் குழியை அடைத்திருப்பார்கள், டயர் தப்பியிருக்கும். அடைக்காமல் விட்டிருந்தால் என் கேஸ் பலமாகியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் லாபம். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் அந்தக் குழியைத் திட்டித் தீர்ப்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.