ஃபியட் 500-இல் பயணி என்னும் உறுப்பு

கார் என்பது தன்னுள் ஏறியவரைச் சுமந்து செல்லும் ஊர்தி என்று பொதுவாகச் சொல்லப்படும் இலக்கணம், 1957 ஜூலையில் இத்தாலியின் டூரின் நகரில் வெளியான ஃபியட் 500 என்னும் சின்னஞ்சிறு காருக்குப் பொருந்தாது; அதில் ஏறி அமர்ந்தவர் சுமையாக இராமல் அதன் உறுப்புகளுள் ஒன்றாகிவிடுகிறார் என்பதே இங்கு நிறுவப்படுவது.

முதற்சான்று எடை. தாந்தே ஜாகோசா வடிவமைத்த அக்காரின் நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை ஏறத்தாழ 500 கிலோ. பின்புறம் பொருத்தப்பட்டு, தண்ணீரின்றிக் காற்றாலேயே குளிர்விக்கப்பட்ட இரட்டை சிலிண்டர் என்ஜின் 479 சிசி அளவினது. அதன் ஆற்றல் முதலில் 13 குதிரைத்திறன். அவற்றுள் ஓரிரு குதிரைகள் நோயுற்றிருந்தன என்று கருதவும் இடமுண்டு. ஆளுக்கு 70 கிலோ என்று கொண்டாலும் நால்வர் 280 கிலோ ஆகின்றனர். இது காரின் எடையில் பாதிக்கும் மேல். ஆகவே, ஜெனோவா போன்று மலைச்சரிவில் எழுந்த ஊரில் ஒரு மேட்டை எந்த கியரில் ஏறலாம் என்பது சாலையின் சரிவை மட்டும் பொறுத்ததன்று. மாமியார் உடன் வருகிறாரா, மதியம் பாஸ்தாவை மறுமுறை கேட்டு வாங்கியவர் யார் என்பவற்றையும் பொறுத்தது. விற்பனை மந்தமாக இருக்கக் கண்ட நிறுவனம் அதே ஆண்டிலேயே ஆற்றலை 15 குதிரைத்திறனாக உயர்த்தி, அதுவரை அசையாதிருந்த கதவுக் கண்ணாடிகளை இறக்கவும் வழிசெய்தது. கூடுதலாகக் கிடைத்த இரண்டு குதிரைகளை நம்பிக் குடும்பங்கள் பாட்டியையும் ஏற்றிக்கொண்டிருக்கும் என ஊகிப்பது தவறாகாது.

இரண்டாம் சான்று கியர்ப்பெட்டி. வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து ஓசையின்றி இணைய வைக்கும் சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு அதில் இல்லை. எனவே கியரைக் குறைக்க விரும்பும் ஓட்டுநர் கிளட்ச்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை அழுத்தி என்ஜினை உறுமச் செய்து, மீண்டும் கிளட்ச்சை மிதித்து, அதன் பின்னரே கீழ் கியரைப் போட வேண்டும். இதனை இத்தாலியர் ‘தொப்பியெத்தா’ என்பர். உறுமல் போதுமானதா என்பதைக் காட்டும் கருவி எதுவும் இல்லாமையால் அதனைக் காதே கணிக்க வேண்டியிருந்தது; காது பிழைத்தால் பற்கள் நறநறவென்று கடிபட்டு, தெருவில் நிற்போர் அனைவருக்கும் அச்செய்தி அறிவிக்கப்படும். சிங்க்ரோமெஷ்ஷின் பணியை ஓட்டுநரின் இடக்காலும் செவியும் பங்கிட்டுக்கொண்டன என்பது இதனால் பெறப்படும்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். பெட்ரோல் எவ்வளவு உள்ளது எனக் காட்டும் முள் அதில் கிடையாது. தீரப்போகும் தறுவாயில் எரியும் ஒரு சிறு விளக்கே உண்டு. இடைப்பட்ட காலத்தில் ஓட்டுநரின் நினைவாற்றலே பெட்ரோல் மானி. குளிர்காலத்தில் என்ஜினைச் சுற்றிச் சூடேறிய காற்றை உள்ளே விடும் பிடி பின் இருக்கையின் அடிப்பக்கம் இருந்தமையால், பின்னால் அமர்ந்தவரிடம் வெப்ப நிர்வாகம் இயல்பாகவே சென்று சேர்ந்தது.

எந்தக் காரிலும் மனிதர் எடை கூடத்தானே செய்யும் எனின், கூடும். ஆயினும் கனத்த கார் அதனைப் பொருட்படுத்துவதில்லை. 2007-இல் அதே பெயரில், அதே டூரினில் வெளியிடப்பட்ட புதிய ஃபியட் 500-ஐ இதற்குக் காட்டலாம். அதன் நீளம் 3.5 மீட்டரைத் தாண்டியது. எடை 900 கிலோ அளவில் நின்றது. சிங்க்ரோமெஷ்ஷும் பெட்ரோல் முள்ளும் வந்துவிட்டன. பாட்டி ஏறியதையோ இறங்கியதையோ அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆகவே அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.