இயந்திரத்துக்கு எண் சொல்லி ஏவுதல்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

அலுவலகச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் பேசும்போது, விஷயங்களுக்கு 'அ1', 'அ2' என்று எண் கொடுத்துக்கொண்டு, "அ2ஐச் சுருக்கு" என ஏவுவது புதிய உத்தி என்று பரவலாக நம்பப்படுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தை அறியாதோர் நம்பிக்கை அது என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதற்சான்று நெல். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1922இல். அங்கு உருவான ரகங்களுக்கு ஏடிடி என்பது முன்னொட்டு. களத்துமேட்டில் அதையும் உதறிவிட்டார்கள். "குறுவைக்கு முப்பத்தாறா, நாப்பத்திமூணா?" என்றால் தீர்ந்தது. சிஆர் 1009க்குப் பொன்மணி என்று லட்சணமான பெயர் இருந்தும், "ஆயிரத்தொம்பது" என்றே விதை கேட்பவர்கள் உண்டு. கிச்சிலிச் சம்பாவுக்கு வைத்த ஜி.இ.பி. 24இல் உள்ள மூன்றெழுத்தும் அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற ஆங்கிலப் பதவியின் சுருக்கம். விளைந்தது வயலில், பெயர் அதிகாரிக்கு. (இதை விரித்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.)

இரண்டாம் சான்று நிலம். சர்வே எண் 112 தாத்தா, 112/3 அப்பா, 112/3ஏ2 பாகப்பிரிவினையில் கோபித்துக்கொண்டு போன அண்ணன். மூன்று தலைமுறைச் சண்டையை இவ்வளவு சுருக்கமாக எந்தக் கணினி நிபுணரும் எழுதியதில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் திட்டத்தில் நிலப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. எண் மாறிய இடங்களிலும் பழைய எண் செத்துவிடவில்லை: இன்றும் பத்திரங்களில் 'பழைய சர்வே எண், புதிய சர்வே எண்' என்று இரண்டையும் அருகருகே எழுதுகிறார்கள். எண் மாறினால் எது எதுவாயிற்று என்று சொல்ல ஒரு பதிவேடு வேண்டும் என்பது இங்கே கர்ணம் காலத்து ஞானம்.

உதவியாளரிடம் இல்லாதது அந்தப் பதிவேடுதான். மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம். மாலையில் நான்கு கடிதங்களுக்குக் கு1 முதல் கு4 வரை எண் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். காலையில் புது உரையாடலைத் திறந்து, "கு2ஐக் கொஞ்சம் பணிவா மாத்து" என்கிறார். எந்தக் கு2 என்று இயந்திரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாரோ ஒரு குமாஸ்தாவின் குடும்ப அட்டைக்காக வட்டாட்சியருக்கு உருக்கமான விண்ணப்பம் ஒன்றை எழுதிக் கொடுத்தது. பணிவில் குறை சொல்ல முடியாது. அடுத்து, "43 எத்தனை மூட்டை இருக்கு?" என்றார். "43 மூட்டைகள் உள்ளன" என்று பதில் வந்தது.

இப்போது ஒவ்வொரு உரையாடலின் தலையிலும் ஒரு பத்தியை ஒட்டிவிட்டுத்தான் அவர் பேச்சைத் தொடங்குகிறார். அதற்கு, கிராம நிலப் பதிவேட்டைப் போலவே, 'அ பதிவேடு' என்று பெயர் வைத்திருக்கிறார். 'கு2: லாரி வாடகைக் கடிதம். 43: ஆடுதுறை நெல், மூட்டைக் கணக்கு அல்ல' என்று போகும். பிழைகள் கணிசமாகக் குறைந்துள்ளன.

முதலாளி மட்டும் எந்தப் பதிவேட்டுக்குள்ளும் வரவில்லை. "அந்த விஷயம் என்னாச்சு?" என்பார். கணக்குப்பிள்ளை உடனே, "நாளைக்கு முடிஞ்சிடும் அய்யா" என்பார். எந்த விஷயம் என்பது இருவருக்கும் எவ்வாறு விளங்குகிறது என்பதைத் தனி ஆய்வேட்டுக்கு ஒதுக்கிவைக்கிறோம்; நிதியுதவி வரவேற்கப்படுகிறது.