ரவிக்கைத் துண்டின் பிறவிச் சுழலும் சுருக்குப்பையால் அதற்குக் கிட்டும் முக்தியும்

நவராத்திரி நாட்களில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் முதலிய மங்கல திரவியங்களோடு தட்டில் வைத்து வழங்கப்பெறும் ரவிக்கைத் துண்டு என்னும் வஸ்து, தைத்து அணிவதற்கென்றே உண்டானது என்று அதன் பெயரைக் கேட்டு மயங்குவோர் இன்றும் உளர். இது பூர்வபட்சம். எந்தப் புடவையோடும் ஒத்துப்போகாத நிறமாகத் தேடிப் பிடித்து, உள்ளே கையை விட்டால் ரேகை தெரியும் அளவுக்கு மெலிதாக நெய்து, 80 சென்டிமீட்டருக்குக் கத்தரித்து, அப்பளம்போல் விறைக்கக் கஞ்சியிட்டு மடித்து விற்கப்படும் ஒன்றுக்கு உடுப்பாவது நோக்கமாயிருக்க நியாயமில்லை. அது வீடு விட்டு வீடு பெயர்வதற்காகவே ஜனித்தது என்பது என் சித்தாந்தம்.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன், கொலுவுக்கென்று என் மனைவி அடுக்கி வைத்திருந்த துண்டுகளுள் கத்தரிப்பூ நிறத்தது ஒன்றின் ஓரத்தில், அவளறியாமல், நீல மையினால் கடுகளவு புள்ளி ஒன்றை இட்டு வைத்தேன். அது அவ்வருஷம் கோடி வீட்டு மாமியிடம் சென்றது. அப்பால் எந்தெந்தச் சீமந்தத்திலும் கிரகப்பிரவேசத்திலும் சஞ்சரித்ததோ, மூன்றாம் நவராத்திரியில் என் மைத்துனியின் கையால், மடிப்புச் சற்றும் குலையாமல் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. இவ்வகை ஆனந்தம் ஹாலி என்னும் வானசாஸ்திரிக்கே வாய்க்கவில்லை. அவர் கணித்த வால்நட்சத்திரம் 1758-இல் மீண்டும் தென்பட்டபோது, அவர் 1742-இலேயே காலமாகியிருந்தார்.

இச்சுழலினின்றும் அத்துண்டை விடுவிக்க வல்லது கத்தரிக்கோல் ஒன்றே. ஏனெனில் வெட்டிய துணியை ஒருவரும் தாம்பூலத் தட்டில் வைப்பதில்லை. வெட்டியபின் அதை என்ன செய்வது என்ற ஆட்சேபத்துக்கு விடை, நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டைப் பாக்கையும் நாலணாக் காசையும் பேதமின்றிப் பாதுகாத்து வந்த சுருக்குப்பை. தாம்பூலத்தையே அதில் இட்டுக் கொடுத்துவிட்டால் பரிசும் ஆயிற்று, துண்டுக்கு முக்தியும் ஆயிற்று.

கணிதம் எளிது. துணியின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று கொண்டு, நீளத்தை நான்காகவும் அகலத்தை இரண்டாகவும் வகுத்தால், 20-க்கு 45 அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் உள்ளே போக இரண்டாக மடித்து, வாயோரத்தில் நாடா நுழைய இரண்டு விரற்கடை விட்டு, இரு பக்கமும் தைத்து, வாயை மடித்து ஒரு தையல் ஓட்டிப் புரட்டினால் பை. இயந்திரத்தில் கால்மணி நேர வேலை.

இயந்திரம் என்றதும் அதன் சரித்திரத்தைச் சொல்லாமல் போவது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. 1830-இல் பிரெஞ்சு தேசத்துத் திமோனியே என்பார் உரிமம் பெற்ற இயந்திரங்களை, பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய பாரிஸ் நகரத் தையற்காரர்கள் மறுவருஷமே உடைத்து நொறுக்கினார்கள். அமெரிக்கரான சிங்கர் 1851-இல் தம் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். இயந்திர மோகத்தைக் கண்டித்து வந்த காந்தியடிகளே, 1924-இல் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்து, மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் சிங்கர் அன்பினால் சமைத்த கருவி அது என்று போற்றினார். சிங்கரின் அன்போ ஒரே காலத்தில் பல குடும்பங்களில் பரவியிருந்தது என்பது சரித்திரம். இயந்திரங்களும் அவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே செல்வோம்.

சாஸ்திரத்தின் கடினமான பகுதி நாடா கோத்தலே. பாவாடை நாடாவின் முனையில் ஊக்கைக் குத்தி, மடிப்பின் வாயில் நுழைத்து, துணியைச் சுருக்குவதும் இழுப்பதுமாக அதை மெல்ல மெல்ல நகர்த்திச் செல்கையில், சரியாக நடுவழியை அடைந்ததும் ஊக்கு வாய் திறந்துகொள்ளும். முன்னே தள்ளினால் துணியில் குத்தும், பின்னே இழுத்தால் ஊக்கு மட்டும் வந்து நாடா உள்ளே தங்கிவிடும். வெளியிலிருந்து தடவினால் ஏதோ ஒரு முடிச்சாகத் தட்டுப்படும் அதை மீட்பதற்கு, முதல் பையில் எனக்கு முக்கால் மணி நேரமும், பிரித்துத் தைப்பதற்கு வேண்டிய மனோதைரியமும் செலவாயின.

“நாடா முனையை ரெண்டு தடவை மடிச்சுக் குத்தினா நழுவாதுங்க” என்றாள் என் மனைவி, ஐந்தாவது பை முடிந்த பிறகு. அவள் அதுவரை அங்கேதான் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

புள்ளியிட்ட கத்தரிப்பூத் துண்டு இவ்விதம் எட்டுப் பைகளாகி, எட்டு வீடுகளுக்குச் சென்று, பிறவி நீங்கியது என்று ஏட்டில் எழுதி முடித்தேன்.

மறுவருஷம் சரஸ்வதி பூஜையன்று, எதிர்வீட்டு அம்மாள் கொடுத்த தாம்பூலத்தை என் மனைவி கூடத்தில் வைத்தபோது, அது என் ஐந்தாவது பையாயிருக்கக் கண்டேன். தையல் கோணியிருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. உள்ளே வெற்றிலை பாக்கின்கீழ், நாலாக மடித்த பச்சை ரவிக்கைத் துண்டு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி, சிவப்பு மையில். நான் உபயோகிப்பது நீலம்.