எடின்பரோவிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை எழுதுவது

எடின்பரோ,
மாசி மாதம், வெளியே மழை.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்கள், பெரியம்மா, மண்டி மூன்று பேரும் நலம்தானே? மல்லி வரத்து எப்படி? வத்தல் விலை இந்த வருடமாவது நிற்கிறதா?

போன வாரம் போனில் கேட்டீர்களே, "அங்க போய் அப்படி என்னத்தத்தான் படிக்கிற? பற்று வரவு நம்ம கணக்கப்பிள்ளைக்கே தெரியுமே" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மண்டிக்கு லோடு வந்துவிட்டது என்று வைத்துவிட்டீர்கள். சின்னவனை பி.காம். சேர்ப்பதா, இன்ஜினியரிங் சேர்ப்பதா என்ற கேள்வியும் பாக்கி நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் அழித்துவிடுகிறான் என்பதால் தபாலிலேயே எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஊர். ஆடிட்டர் வருகிறார் என்றதும் நாற்காலியைத் துடைத்து, ஃபேனைத் திருப்பி வைத்து, பாதாம் பாலுக்குப் பையனை அனுப்புவீர்களே, அந்தச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்கிற பட்டமே இந்த ஊரில்தான் பிறந்தது. 1854இல் எடின்பரோ கணக்காளர் சங்கத்துக்கு விக்டோரியா மகாராணி சாசனம் கொடுத்தார். மறு வருடமே கிளாஸ்கோக்காரர்களும் போய் ஒன்று வாங்கிவந்துவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரன் வாங்கினால் நாமும் வாங்க வேண்டும் என்பது இங்கேயும் உண்டு. அந்தக் காலத்தில் இவர்களுக்கு முக்கியமான பிழைப்பு எது தெரியுமா? மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களின் சொத்தைக் கணக்கெடுத்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஆடிட்டரைக் கண்டால் உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது சும்மா இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். கோட்டையில் 1861இலிருந்து நேரம் காட்ட பீரங்கி வெடிக்கிறார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர தினமும் மதியம் 1 மணிக்கு. உச்சிப்பொழுது 12 மணிக்கு வெடிக்காமல் ஏன் 1 மணிக்கு என்று கேட்டால், "12 மணிக்கு என்றால் 12 குண்டு செலவு" என்கிறார்கள். அவர்களே தங்களைக் கேலி செய்து சொல்லிக்கொள்வது இது. நீங்கள் இங்கே பிறந்திருந்தால் ஊர்த் தலைவர் ஆகியிருப்பீர்கள். ஆனால் இதே சிக்கன ஊரின் ராயல் பேங்க்தான் 1728இல் ஒரு வியாபாரிக்கு, கணக்கில் இருப்பதற்கு மேலே 1,000 பவுண்டு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. ஓவர்டிராஃப்ட் என்பதன் ஆரம்பம் அதுதான் என்கிறார்கள். நம் மண்டிக்கு ஓ.டி. வாங்க மேனேஜர் வீட்டுக்கு நீங்கள் எத்தனை நடை நடந்தீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது படிப்பு. எங்கள் பேராசிரியர் எந்தக் கேள்வி கேட்டாலும் சொல்லும் முதல் பதில் "இட் டிபெண்ட்ஸ்". அதைப் பொறுத்தது, இதைப் பொறுத்தது. லாபம் எவ்வளவு? பொறுத்தது. சொத்து மதிப்பு? பொறுத்தது. ரயில்வே விசாரணைக் கவுன்ட்டரில்கூட இதைவிட நேரான பதில் கிடைக்கும். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கடன் வாங்கி, கடல் தாண்டி வந்து, விடையே இல்லாத கணக்கையா படிப்பது? அப்புறம்தான் பிடிபட்டது, கூட்டிக் கழிப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், எதைக் கூட்டுவது என்பதில்தான் சண்டை என்று.

நம் மினி லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை வருடம் ஓடும் என்று முதலிலேயே ஒருவர் ஊகித்து எழுதினால்தான் தேய்மானம் போட முடியும். புத்தகத்தில் அது செத்துப் பல வருடமாகிறது. ரோட்டில் இன்னும் சாத்தூர் வரைக்கும் போய் வருகிறது. அப்படியென்றால் ஊகம் தப்பு, வருடா வருடம் போட்ட லாபமும் கொஞ்சம் தப்பு. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பீர்களே, அதை வகுப்பில் சொன்னேன். "அதுவும் ஓர் எஸ்டிமேட்தான்" என்று பேராசிரியர் போர்டில் எழுதிவிட்டார். உங்கள் வாக்கு எடின்பரோவில் போர்டு ஏறிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கட்சி தோற்றுவிட்டது. ஏ.சி. குடோனில் வத்தல் மூட்டை இருக்கும்போது விலை சரிந்தால், "விக்கிற அன்னைக்குத்தான நட்டம், இப்ப என்ன?" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு உட்காருவீர்கள். சட்டம் அப்படி இல்லை. வாங்கிய விலை, இன்று விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த விலைக்குத்தான் சரக்கைக் கணக்கில் வைக்க வேண்டும். நட்டத்தை இன்றே எழுது, லாபத்தை மட்டும் விற்ற பிறகு எழுது. இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே சூப்பர் மார்க்கெட்டில் படித்துவிட்டேன். சாயங்காலமானதும் ஒருவர் கையில் சின்ன மிஷினோடு வந்து, அன்றோடு தேதி முடியும் ரொட்டி, தயிர், கீரை எல்லாவற்றிலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலை, கால் விலை ஆக்குவார். அவருக்குப் பின்னால் நாங்கள் பல தேசத்து மாணவர்கள், சம்பந்தமே இல்லாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து போவோம். அவர் போடும் நட்டத்தில்தான் என் ராத்திரிச் சாப்பாடு ஓடுகிறது. பெரியம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். விருதுநகரில் உங்கள் பேரைச் சொன்னால் ரசீது இல்லாமல் சரக்கு இறக்குகிறார்களே, அந்த நற்பெயருக்கு உங்கள் ஐந்தொகையில் எவ்வளவு மதிப்புப் போடலாம்? சைபர். தானாகச் சம்பாதித்த நற்பெயரைச் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் நாளைக்கு ஒருவன் மண்டியை விலை பேசி, சரக்குக்கும் கட்டடத்துக்கும் மேலே பணம் கொடுத்து வாங்கினால், அந்த மேல்தொகை அவன் புத்தகத்தில் நற்பெயர் என்று சொத்தாக உட்கார்ந்துகொள்ளும். சம்பாதித்தவருக்கு இல்லை, வாங்கினவனுக்கு உண்டு! நான் கையைத் தூக்கி, இது அநியாயம் என்றேன். பேராசிரியர், சற்று முன் சொன்னேனே, அதே ராயல் பேங்கின் கதையை எடுத்தார். 2007இல் அவர்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து ஏ.பி.என். ஆம்ரோ என்ற டச்சு வங்கியைப் பெரிய விலைக்கு வாங்கினார்கள். மறு வருடமே, வாங்கிய நற்பெயரில் பெரும்பாலானது காற்று என்று எழுதித் தள்ள வேண்டி வந்தது. 2008ஆம் வருட நட்டம் 2,410 கோடி பவுண்டு. பிரிட்டனில் அதுவரை எந்தக் கம்பெனியும் அவ்வளவு பெரிய நட்டத்தைக் காட்டியதில்லை. அரசாங்கம் மக்கள் வரிப்பணத்தைப் போட்டுத்தான் தூக்கி நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரின் லட்சணம் இது. உங்களுடைய சைபர் எவ்வளவோ தேவலை.

வரிப் பாடத்துக்கு வருகிறேன். இங்கே கேக்குக்கு வாட் வரி கிடையாது. பிஸ்கட்டுக்கும் கிடையாது. ஆனால் பிஸ்கட் மேலே சாக்லேட் பூசினால் முழு வரி, இப்போது 20 சதவீதம். கேக் மேலே சாக்லேட் பூசினால் வரி இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், பொறுத்தது. ஜாஃபா கேக் என்று ஒரு தின்பண்டம். கைக்கு அடக்கமாக வட்டமாக இருக்கும், ஆரஞ்சு ஜெல்லியும் சாக்லேட்டும் மேலே. கடையில் பிஸ்கட் அலமாரியில்தான் அடுக்கியிருப்பார்கள். இது சாக்லேட் பிஸ்கட்தான், எடு வரியை என்றது வரித் துறை. பெயரிலேயே கேக் இருக்கிறதே என்றது கம்பெனி. 1991இல் தீர்ப்பாயத்தில் படித்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்து இதை விசாரித்தார்கள். பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, மாவு எப்படிப்பட்டது, எந்த அளவு, கையால் தின்கிறார்களா முள்கரண்டியாலா என்றெல்லாம் பார்த்தார்கள். அவர்கள் கவனித்த ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடித்தது. ஊசிப்போனால் பிஸ்கட் நமுத்துப் போகும், கேக் இறுகிப் போகும். ஜாஃபா கேக் இறுகியது. ஆகவே கேக். வரி கிடையாது.

வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஜி.எஸ்.டி. தேசத்திலிருந்து வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு ஜோக்கா? கோயம்புத்தூரில் ஹோட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடமே, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம், அதனால் வாடிக்கையாளர் க்ரீமைத் தனியாகக் கேட்கிறார் என்று சொன்ன கதையைச் சொன்னேன். அதே வருடம், 2024 டிசம்பரில், உப்பும் மசாலாவும் போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5 சதவீதம், பாக்கெட்டில் லேபிள் ஒட்டி விற்றால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று விளக்கம் கொடுத்தார்களே, அதையும் சேர்த்துச் சொன்னேன். பேராசிரியர் நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு இது பரீட்சையில் வந்தால் அந்தப் பாவம் எனக்கு.

ஒரு நாள் மோசடிப் பாடம். திரையில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7ஆம் தேதி சேர்மன் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது, வங்கியில் இருப்பதாகக் காட்டிய பணத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்பது எல்லாம் வரிசையாக வந்தது. மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பியது, அந்தப் பணம் என் பையில் இருப்பது மாதிரி. நான் கிளாஸ்கோ பையன் ஒருவனைப் பார்த்தேன். "சிட்டி ஆஃப் கிளாஸ்கோ பேங்க்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். 1878இல் திவாலான வங்கி அது. பொய்யான ஐந்தொகை காட்டி வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். பங்கு வாங்கியவர்களுக்குப் பொறுப்பு வரம்பே இல்லாத காலம். வங்கியின் கடனுக்கு அவர்களுடைய வீடு வாசலெல்லாம் போனது, பெரும்பாலோர் ஓட்டாண்டியானார்கள். இயக்குநர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த அடியில்தான் 1879இல் வங்கிகளுக்குக் கணக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இப்போது அந்தப் பையனும் நானும் ஒரே குரூப் புராஜெக்டில் இருக்கிறோம். நாலு பேர் குரூப், இரண்டு பேர் வேலை. இதை இந்தியாவிலேயே படித்திருக்கலாம்.

மார்க் விஷயம். எனக்கு 68 வந்திருக்கிறது என்று அப்பா சொன்னதும் வீட்டில் யாரும் பேசவில்லையாம், பெரியம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். தயவுசெய்து வேண்டுதலை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். இங்கே 50 வாங்கினால் பாஸ், 70 தொட்டால் டிஸ்டிங்ஷன். 80க்கு மேல் போட இவர்களுக்கு மனசே வராது, சிக்கனம் மார்க்கிலும் உண்டு. பிளஸ் டூவில் 200க்கு 200 என்று ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்த குடும்பத்துக்கு இது புரியாதுதான். 68 நல்ல மார்க். பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும், கிரேடு முறை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரி வருடம் இங்கே ஏப்ரல் 6ஆம் தேதி பிறக்கிறது. இங்கிலாந்தில் முன்பு மார்ச் 25இல் வருடம் பிறந்ததாம். 1752இல் காலண்டரைத் திருத்தி 11 நாளை ஒரேயடியாகக் கழித்தார்கள். 11 நாள் வரியை விட மனசில்லாமல் கணக்கு வருடத்தை ஏப்ரல் 5க்குத் தள்ளினார்களாம். 1800இல் இன்னொரு நாள் நகர்ந்ததாம். காலண்டரே மாறினாலும் வரவை விடாதவர்கள். நீங்கள் சித்திரை 1இல் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு ஆரம்பிப்பதை இனி யாராவது கிண்டல் செய்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பணம் போதுகிறதா என்று கேட்டீர்கள். மாணவர் விசாவில் வந்தவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஒரு கடையில் கல்லாவில் நிற்கிறேன். ஒரு நிறுவனம் எந்த ஊரில் பிழைக்கிறதோ அந்த ஊர்ப் பணம்தான் அதன் செயல்பாட்டு நாணயம் என்று பாடம். எனக்குச் சம்பளம் பவுண்டு, வாடகை பவுண்டு, பஸ் பவுண்டு. ஆனாலும் ஒரு காப்பியைப் பார்த்தால் மனசு நூறால் பெருக்கிவிடுகிறது. தணிக்கைக்கு வந்தால் நான் தேற மாட்டேன்.

சின்னவன் விஷயத்துக்கு என் தீர்ப்பு. பி.காம். சேருங்கள். ஆனால் காலேஜ் திறப்பதற்கு முன் இந்த லீவு முழுக்க அவனை மண்டியில் கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார வையுங்கள். சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு அவன் கையாலேயே எழுதட்டும். குடோனுக்குப் போய் மூட்டையைத் தொட்டு எண்ணிவிட்டு வரட்டும். என் வகுப்பில் சரக்குக் கையிருப்பைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு மூட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. சி.ஏ. எழுதுவதா, வெளிநாடு வருவதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பொறுத்தது.

பெரியம்மா பருப்புப்பொடியும் மல்லிப்பொடியும் அனுப்புவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். போன தடவை மாதிரி பார்சல் மேலே "பழைய துணி" என்று எழுத வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, விலை என்ன என்று உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தணிக்கை படிக்கிற பிள்ளைக்கு வருகிற பார்சல்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்